வாசிக்கச் சொன்னார்கள், நடித்துவிட்டேன்

நீங்கள் நான்கு பேரும் மேடை மேலாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒத்திகையை எப்படித் திட்டமிடுவது, ஒளிக்குறிப்புகளை எப்படி எண்ணிட்டு வைப்பது என்றெல்லாம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கைக்கு வராதது வேறொன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உட்காருவதே இப்போது எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது. ஓய்வு பெற்று, சிட்னி வீட்டைக் காலி செய்து, கிளென் வேவர்லியில் மகன் வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. பின்னேரம் ஐந்தரை ஆனால் கால் தானாக எழுந்து நடக்கிறது, நடிகர்கள் வந்து சேர்ந்தார்களா என்று பார்க்க. போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூட விழாவில் விளக்கு மாறப் பிந்தியது. நான் என்னை அறியாமல் 'கோ' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மருமகள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விளக்கை மாற்றச் சொல்லும் அந்த ஆங்கிலச் சொல், அந்த 'கோ' தான் நம் தொழில். அரங்கின் பின்பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு நாம் இருக்கிறோம். நாம் 'கோ' என்று சொல்லும்வரை ஒரு விளக்கும் எரியாது, ஒன்றும் அணையாது. நாடகம் அரங்கேறும் நாளில் இயக்குநர் நாடகத்தை நம் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் அவரும் ஒரு பார்வையாளர்தான். தமிழ்க் குழுக்களில் இதைப் புரியவைக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. "அக்கா, வடை வந்திட்டுதோ?" என்று கேட்கத்தான் மேடை மேலாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வடைக்குச் சொல்லியிருப்பேன், அது வேறு கதை.

இன்னொரு வேலையும் நம் தலையில் விழும். ஒத்திகைக்கு ஒரு நடிகர் வராவிட்டால் அவருடைய வசனத்தை மேடை மேலாளர் வாசிக்க வேண்டும். வாசிக்க மட்டும்தான் வேண்டும். எனக்குத் தொழில் பழக்கியவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர், ஆங்கில நாடகக்காரி, வாய் கொஞ்சம் நீளம். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசி என்பார். அந்தக் குரலுக்கு ரயிலைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இருக்கக் கூடாது. வராத நடிகையின் இடத்தை அவளுக்காகக் காலியாக வைத்திருப்பதுதான் வாசிப்பு. நீ நடித்தால் அந்த இடத்தில் நீ உட்கார்ந்துவிட்டாய் என்று அர்த்தம்.

இருபத்தாறு வருடத்தில் இந்த விதியை நான் ஒரே ஒரு முறை மீறினேன்.

ஐந்து வருடத்துக்கு முன் அருண் என்றொருவர் ஒரு நகைச்சுவை நாடகத்தோடு என்னிடம் வந்தார். மதுரைக்காரர், கணினி வேலை, முப்பத்திரண்டு வயது. எழுத்து, இயக்கம் எல்லாம் அவரே. கதை நாடகக்காரர்களைப் பற்றியது. கணவன் மனைவியாக இருந்து பிரிந்த இரண்டு நடிகர்களை ஒரு குழு விவரம் தெரியாமல் கூட்டிவந்து, புதுமணத் தம்பதியாக நடிக்க விடுகிறது. ஒருவர் வசனத்தை ஒருவர் வெட்டுகிறார்கள், ஒருவர் செருப்பை ஒருவர் ஒளித்துவைக்கிறார்கள், பார்வையாளர்கள் அதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். கடைசிக் காட்சியில் வெறும் மேடையில் இருவரும் தனியாக நிற்கிறார்கள். அவள் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டுகிறாள். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். "நாளைக்கும் நாடகம் இருக்கு. வருவீரோ?" அவள் பதில் சொல்வதில்லை. விளக்கு அணைகிறது. அந்தப் பதில் இல்லாமைதான் தன் நாடகத்தின் உயிர் என்று அருண் அடிக்கடி சொல்வார்.

அறுபதை ஒட்டிய வயதில் மேடையில் ஓடியாடக் கூடியவர்கள் யார் என்று அவர் விசாரித்தபோது எல்லாரும் இரண்டு பெயர்களைச் சொன்னார்கள். சிவநேசன், ரஞ்சனி. இவர்கள் உண்மையிலேயே கணவன் மனைவியாக இருந்து பிரிந்தவர்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை யார் வேலை மினக்கெட்டுச் சொல்வார்கள்? முதல் நாள் இருவரும் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, "இப்பவே கேரக்டருக்குள்ள போயிட்டாங்க அக்கா" என்று அருண் என் காதில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். தேநீர் இடைவேளையில் நான்தான் அவரைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்புறம் எதுக்கு அக்கா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க?"

நானும் அதைத்தான் கேட்டேன். நல்ல பாத்திரம், கூட நடிக்கிறது ஆராயிருந்தால் எனக்கென்ன என்றார் ரஞ்சனி. கொஞ்ச நேரம் கழித்துச் சிவநேசனும் எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார்.

அவர்கள் பிரிவில் பெரிய சண்டை ஒன்றும் இருக்கவில்லை. சிவநேசனுக்கு நாடகம் ஒரு வியாதி. ஒத்திகை முடிந்தும் நின்று கதைத்துக்கொண்டிருப்பார். ரஞ்சனி மருத்துவமனையில் தாதி. தன் வேலை முடித்து வந்து, பதினொரு வருடம் அவருக்குச் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தார். ஒரு நாள் மூடிவைக்கவில்லை. அவ்வளவுதான். அதன்பிறகு ஆளுக்கொரு வீடு, பல வருடம்.

இனி என் பக்கம். என் கணவர் இறந்து நெடுங்காலம். சிவநேசனை எல்லாரும் சிவா அண்ணை என்பார்கள். நான் அண்ணை என்றும் சொன்னதில்லை, பெயரையும் சொன்னதில்லை. பத்து வருடம் அவரை ஒன்றும் கூப்பிடாமலே கதைத்துக் காலத்தை ஓட்டினேன். எனக்கு அவர்மேல் விருப்பம் இருந்தது. அறுபது தாண்டிய பெண் இதை எழுதலாமோ என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இது தெரியாவிட்டால் நான் செய்த பிழை உங்களுக்கு விளங்காது.

அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை ரஞ்சனிக்கு மருத்துவமனையில் வேலை நேரம் மாறிவிட்டது. கடைசிக் காட்சியை அன்று எடுத்தே ஆகவேண்டும். சிவநேசன் அந்தக் காட்சியில் வாரக்கணக்காக மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். ரஞ்சனி பேசும்போது தரையைப் பார்ப்பார். அருண் நகம் கடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிவந்தார்.

"அக்கா, மேடம் லைனை நீங்களே படிச்சிடுங்க. டைம் போகுது."

பிரதியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முதல் பக்கம் ரயில் அறிவிப்பாகத்தான் வந்தது. இரண்டாம் பக்கத்தில், 'உங்களைப் பார்க்கவேண்டும் என்றால் நானும் டிக்கெட் எடுக்கவேண்டி இருந்தது' என்று ஒரு வரி. அந்த வரியில் என் குரல் கையை விட்டுப் போனது. பிரதியைக் கீழே இறக்கிவிட்டேன். வரிகள் மனப்பாடம்தான், எனக்கு எல்லாருடைய வரியும் மனப்பாடம். அவர் நிமிர்ந்து பார்த்தார். காட்சி முடிந்தபோது சிவநேசனின் கண் கலங்கியிருந்தது. பத்து வருடத்தில் முதன்முறையாக அவர் என்னைப் பார்த்து நடித்தார் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அருண் அதைக் கைபேசியில் படம் பிடித்திருக்கிறார். பிடித்ததோடு விடாமல் குழுவின் வாட்ஸப்பில் போட்டு, ரஞ்சனி மேடம், இந்த எமோஷன்தான் வேணும் என்று கீழே எழுதியும் விட்டார். மனிதர் நல்லவர், ஆனால் நடிகைகளை அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் ரஞ்சனியிடமிருந்து ஒரே வரி வந்தது. 'அப்ப அவவே செய்யட்டும்.' பிறகு அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். யார் அழைத்தாலும் போனை எடுக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னைச் சோதித்தது. மறுநாள் அருண் என் வீட்டுக்கே வந்தார்.

"நீங்களே பண்ணிடுங்க அக்கா. உங்களைத் தவிர யாருக்கும் லைன் தெரியாது. பெட்டியில உட்கார வேற ஆள் பார்த்துக்கலாம்."

சிவநேசனும் போனில் அழைத்தார். "நீர் செய்தால் நல்லாத்தான் இருக்கும், பவானி." அவர் வாயில் என் பெயர். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் அப்படியே போனது. அந்த மூன்று நாளும் வீட்டில் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன், குசினி அலுமாரியைக் கவிழ்த்து அடுக்கினேன், டூங்கபி ஸ்டேஷன்வரை நடந்து போய் ஒரு ரயிலிலும் ஏறாமல் திரும்பி வந்தேன். நாடகம் நிற்காமல் இருக்க வேண்டும் என்றால் நான் நடிப்பதுதான் வழி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தில் பிழை இருக்கவில்லை. நெருக்கடியில் நமக்குப் பிடித்த முடிவுதான் எப்போதும் நியாயமான முடிவாகத் தெரியும், அங்கேதான் கவனமாக இருக்கவேண்டும்.

புதன்கிழமை ஒத்திகையில் நான் ரஞ்சனியின் இடத்தில் நின்றேன். கடைசிக் காட்சிக்கு முன் மேடையில் இருந்த இரண்டு படிகளிலிருந்து இறங்க வேண்டும். சிவநேசன் எனக்கு முன்னால் இறங்கி, திரும்பி, இடதுகையை நீட்டினார். பிரதியில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் கவனித்து நீட்டிய மாதிரியும் தெரியவில்லை, கை தானாக வந்தது. ரஞ்சனிக்கு வலது முழங்காலில் நோவு, படி இறங்கும்போது பிடிக்க ஆள் வேண்டும். எனக்கு முழங்காலில் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கையைப் பிடிக்காமல் நான் படியிலேயே நின்றேன். போன சனிக்கிழமை அவர் கண் கலங்கியது யாருக்காக என்று அப்போது விளங்கியது. தன் மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிவில்லாததை அவர் என் குரலில் கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது. அருணிடம் தலையிடி என்று சொல்லிவிட்டு நேரே ரஞ்சனி வீட்டுக்குக் காரை விட்டேன்.

தாதி உடுப்போடு குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "இரும்" என்று கதிரையைக் காட்டினார். வெங்காயம் முழுவதையும் வெட்டி முடித்தபிறகுதான் கேட்டார்.

"நீர் வாசிச்சனீரோ, நடிச்சனீரோ?"

"நடிச்சனான்."

"எத்தினை வருசமா?"

அவர் ஒத்திகையைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "கன காலம்" என்றேன்.

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை. சொல்லேல்லை."

"சொல்லியிருக்கலாம். நான் விட்டிட்டு வந்த ஆள்தானே, உம்மைத் தடுக்க எனக்கென்ன உரிமை."

"இப்ப சொல்லி என்ன. படியில நிண்டு உங்கட முழங்காலுக்குக் கை நீட்டுறார்."

அதைக் கேட்டதும் அவர் கத்தியை வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் ஒத்திகையில் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கடைசிக் கேள்விக்கு மறுமொழி இல்லையெண்டு அருண் எழுதி வைச்சிருக்கிறார். எனக்கு மறுமொழி இருக்கு, பவானி. ரெண்டு மாதமா வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு நிக்கிறன். அவர் கேக்கிறார், நான் வாயைத் திறக்க முதல் நீங்கள் விளக்கை அணைக்கிறியள்."

"அப்ப வெளியில சொல்லுங்கோவன். போன் இருக்குதானே."

"எங்களுக்கு மேடைக்கு வெளியில கதைக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் பிரிஞ்சிருப்பமோ?"

என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. "நாளைக்கு ஒத்திகைக்கு வாறன்" என்றார். "போயிட்டு வாறன்" என்று எழுந்து வந்தேன். பிரதியில் இல்லாததை மேடையில் பேச விடக்கூடாது, அது நம் முதல் விதி. மற்ற நடிகர்கள், இசை, விளக்கு எல்லாம் அந்த எழுத்தை நம்பித்தான் நிற்கின்றன. அந்த எழுத்துக்குக் காவல் நாம்.

ஞாயிறு பகல் மூன்று மணிக்கு அரங்கேற்றம். பரமட்டாப் பக்கம் நூற்றிருபது இருக்கைகள் கொண்ட சின்ன அரங்கு, ஒன்றும் காலியில்லை. முதல் பாதியில் சிரிப்புக்குக் குறைவில்லை. மதுரை நகைச்சுவைக்கு ஒரு பக்கமும், யாழ்ப்பாணத்து நக்கலுக்கு மற்றப் பக்கமும் சிரித்தார்கள், செருப்பு ஒளித்ததற்கு இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தார்கள். பெட்டிக்குள் என் இடது பக்கம் ஜெஃப், விளக்குப் பலகைக்காரர், ஒரு சொல் தமிழ் தெரியாதவர். என் குரலை மட்டும் நம்பி விரலை வைத்திருப்பவர். பின்னால் அருண், உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. ரஞ்சனி பேசினார். நான் நடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று எனக்கே தெரியும்படி பேசினார். சிவநேசன் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. நான் ஜெஃபுக்கு ஆயத்தம் சொன்னேன். அவர் விரலைப் பொத்தான்மேல் வைத்தார்.

"நாளைக்கும் நாடகம் இருக்கு. வருவீரோ?"

இங்கே நான் 'கோ' சொல்ல வேண்டும். ரஞ்சனியின் தோள் உயர்ந்ததைப் பார்த்தேன். பேசப்போகிறவர் மூச்சு எடுக்கும் விதம் வேறு, பேசாமல் நிற்பவர் மூச்சு வேறு. எங்கள் கண்ணுக்கு அது தெரியும்.

அந்த நொடியில் என் மனதில் என்ன இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். இருட்டு விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு சொல் போதும். விதிப்படி நடந்ததாகத்தான் இருக்கும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அருண் கட்டிக்கொண்டு பாராட்டுவார். ரஞ்சனியின் பதில் இருட்டுக்குள் போய்விடும், இன்னொரு முறை அந்தத் துணிவு அவருக்கு வருமோ வராதோ. சிவநேசன் இனி ஒருவருக்கும் இல்லாமல் தனியாகவே இருப்பார், நானும் அவரை ஒன்றும் கூப்பிடாமல் கதைத்துக்கொண்டே இருக்கலாம்.

"அக்கா, லைட்டு" என்றார் அருண் பின்னாலிருந்து. "அக்கா."

நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். ஜெஃப் என் முகத்தைப் பார்த்தார். பிறகு விரலை மெதுவாகப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேடையில் ரஞ்சனி சொன்னார்.

"நாடகத்துக்கு வாறன். அதுக்கென்ன. நீர் வீட்டை வாரும். ஞாயிறு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு. ஒரு மணிக்கெண்டால் ஒரு மணி. பிந்தினால் கதவு திறக்க மாட்டன்."

அரங்கு வெடித்துச் சிரித்தது. அவர்களுக்கு அது நாடகம். சிவநேசன் சிரிக்கவில்லை. நாற்பது வருடம் மேடையில் வசனம் மறக்காத மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சிரிப்பு அடங்கியது.

"ஓம்" என்றார். "வாறன்."

நான் 'கோ' சொன்னேன். என் குரல் ரயில் அறிவிப்பு மாதிரித்தான் வந்தது என்று ஜெஃப் பிறகு சொன்னார். இருட்டில் கைதட்டல் கேட்டது. பெட்டிக்குள்ளும் இருட்டு, அதனால் அழ வசதியாக இருந்தது.

அருண் என்னோடு கோபித்துக்கொண்டார். என் முடிவைக் கெடுத்துட்டீங்க என்றார், கதவைச் சாத்திவிட்டுப் போனார். வெளியே போனதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டு அந்தக் கடைசி வசனத்தைப் பாராட்ட, கொஞ்ச நேரத்தில் அது தன் யோசனைதான் என்ற முகத்தோடு நின்றார். ஆனாலும் அடுத்த மேடையேற்றங்களில் ரஞ்சனி அதைச் சொல்லவில்லை. மறுமொழி சொல்லியாச்சு, திரும்பத் திரும்ப ஏன் என்றார். எழுதிய மாதிரியே முடிந்தது, நானும் நேரத்துக்கு அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவநேசன் பன்னிரண்டே முக்காலுக்கே போய்க் காருக்குள் காத்திருப்பார் என்று ரஞ்சனியின் பக்கத்து வீட்டுக்காரி எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள். எனக்கும் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். நோகவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே நொந்தது.

நீங்கள் படிக்க வேண்டியது அரங்கேற்றத்து அன்று நான் கடைசியாகச் செய்த வேலை. ஒவ்வொரு மேடையேற்றத்துக்குப் பிறகும் மேடை மேலாளர் அரங்கு நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும், என்ன பிசகியது, ஏன் பிசகியது என்று. எல்லாரும் போனபின் பெட்டிக்குள் இருந்து எழுதினேன். முதலில் விளக்குப் பலகையில் கோளாறு என்று எழுதினேன். அது ஜெஃப் தலையில் விழும் என்று அடித்தேன். நடிகை பிரதிக்கு வெளியே போனார் என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனாலும் அடித்தேன். பிறகு இப்படி எழுதிக் கையெழுத்து வைத்தேன்: 'கடைசி விளக்கு நாற்பது நொடி பிந்தியது. தவறு மேடை மேலாளருடையது.'

மறுநாள் நிர்வாகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள், இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வீர்களா என்று.

பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன்.